எட்டு வெட்டு

தஞ்சாவூர் மேலவீதியை ஒட்டிய ஒரு சந்து. ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம் போடும் பட்டறை. மூலை பிளந்துபோன பிரேம் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேஸ்திரி அதை வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டு மூலையை நகத்தால் கீறினார். மாவுபோல ஏதோ உதிர்ந்தது.

“மரத்தூளையும் பெவிகாலையும் குழைச்சு அடைச்சிருக்கான், தம்பி. நாப்பத்தஞ்சு சரியா விழல.”

அவர் சொன்னது 45 டிகிரி வெட்டை. இரண்டு சட்டங்களின் முனையையும் அப்படிச் சாய்வாக வெட்டிச் சேர்த்தால் 90 டிகிரி மூலை. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி பிசகினாலும் எட்டும் சேர்ந்து நாலு டிகிரி. மூன்று மூலை இறுகப் பிடித்துக்கொள்ளும், நாலாவது காட்டிக்கொடுத்துவிடும்.

அறுத்ததோடு அவர் விடுவதில்லை. இழைப்புளியை ஒரே ஒரு தள்ளு தள்ளினார். வெங்காயச் சருகுபோல ஒரு சுருள் விழுந்தது. இரண்டு முனைகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இடுக்கில் ஒளி கசியவில்லை. பிறகு பசை. முதல் பூச்சை மரம் குடித்துவிடும் என்று சற்றுக் காத்திருந்து, இன்னொரு பூச்சு. நாலு மூலையும் சேர்ந்ததும் குறுக்கே நூல் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு இந்தச் சாய்வு வெட்டு ‘நாப்பத்தஞ்சு’. மின்ரம்பத்தில் நிற்கும் பையனுக்கு ‘மைட்டர்’. அந்தச் சொல்லின் பூர்வீகம் தச்சுப்பட்டறை அல்ல. கிரேக்கத்தில் ‘மித்ரா’ என்றால் தலையில் கட்டும் பட்டி. அதுவே கத்தோலிக்க ஆயர்களின் கூர்த்தொப்பிக்குப் பெயரானது. இரண்டு சரிவுகள் உச்சியில் கூடும் அந்தத் தொப்பியின் சாயலில்தான் மூலைவெட்டுக்கும் பெயர் வந்தது என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் இதயத்தின் இடப்பக்க வால்வு ஒன்றை அந்தத் தொப்பிக்கு ஒப்பிட்டார். நம் பாடப்புத்தகம் ‘ஈரிதழ் வால்வு’ என்று சொல்வதை மருத்துவர்கள் ‘மைட்ரல்’ என்பது அதனால்தான். பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். “எங்கம்மாவுக்கு அந்த வால்வுதான் சுருங்கியிருக்குன்னு சொன்னாங்க, சார்” என்றான். அதற்குமேல் நான் சொல் ஆராய்ச்சி செய்யவில்லை.

மேஸ்திரிக்கு மின்ரம்பத்தின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. வேகமாக வெட்டுகிறது, கோணமும் தப்புவதில்லை என்கிறார். ஆனால் காயாத மரத்தை எந்த மெஷினில் வெட்டி என்ன? மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அப்போது மூலை உள்பக்கமாக வாய் பிளக்கும். ஈரம் குடித்து ஊதினால் வெளிப்பக்கம். என் பிரேமில் இரண்டு கோளாறும் இருந்தன: வெட்டும் தப்பு, மரமும் பச்சை.

கடையில் பிரேம் வாங்குகிறவர்கள் முன்பக்கப் பளபளப்பைப் பார்த்தே பணத்தை நீட்டிவிடுகிறோம். அடுத்த முறை கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்க மூலையில் இடுக்கை அடைத்து மறைப்பவர்கள் குறைவு. அங்கே நகம் நுழைந்தால் வாங்காதீர்கள்.