கூட்டாளியின் கவலை

பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்துகொண்டே ஒரு நிறுவனத்தோடும் சேர்ந்து வேலை செய்யப் போகும் பிள்ளைகளே, பொருளறிவியல் துறையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கூட்டாளியின் கவலையை உங்கள் கவலையாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு நிலைப்பதும் முறிவதும் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கைபேசிக்குள் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியையே பாருங்கள். லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக வைத்தால் ஏறத்தாழ 4 வோல்ட் கிடைக்கும் என்று 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் காட்டினார்கள். பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்துக்கொண்டது. குட்இனஃபுக்கு உரிமைத்தொகை எதுவும் வரவில்லை.

குட்இனஃப் குழுவின் கட்டுரையை ஜப்பானில் அசாஹி கசெய் நிறுவனத்தில் இருந்த அகிரா யோஷினோ படித்தார். மின்சாரம் கடத்தும் பாலிஅசிட்டிலீன் பிளாஸ்டிக்கை எதிர்முனையாக வைத்துப் பார்த்தார். பேட்டரி வேலை செய்தது, எடையும் குறைந்தது. ஆனால் இடத்தை அடைத்தது. கையடக்கக் கருவிக்குள் அவ்வளவு இடம் ஏது? கார்பனுக்கு மாறினார். பிறகு 1986-இல் வெடிபொருள் சோதிக்கும் இடத்துக்கே போய், பேட்டரிகளின் மேல் இரும்புக் கட்டியை விழவிட்டார். லித்தியம் உலோகம் வைத்த பேட்டரி கொழுந்துவிட்டு எரிந்தது, அவருடையது தீப்பிடிக்கவில்லை. 1991-இல் சோனி அந்த வகை பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் இதே துறையின் முன்னோடியான ஸ்டான்லி விட்டிங்காமோடு சேர்த்து குட்இனஃபுக்கும் யோஷினோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

'ஏன் இப்படி நடக்கிறது?' என்பது ஆய்வகத்தின் கேள்வி. 'நாளைக்கும் இப்படியே வருமா, கீழே விழுந்தால் என்னாகும், கிலோ என்ன விலை?' என்பது ஆலையின் கேள்வி; யோஷினோ இரும்புக் கட்டியை விழவிட்டுக் கேட்டதும் இந்த வகைக் கேள்விதான். இரண்டாவது கேள்வியை மட்டமாக நினைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. சின்ன மூசையில் சில கிராம் நேர்முனைத் தூளைச் சுடும்போது சூடும் காற்றும் எங்கும் ஒரே மாதிரி எட்டும். டன் கணக்கில் சுடும்போது ஓரத்துத் தூளுக்குக் கிடைப்பது நடுவில் இருப்பதற்குக் கிடைக்காது. அது ஏன் என்று தேடுவதும் நல்ல அறிவியல்தான்.

கவலை மனதில் இருந்தால் மட்டும் போதாது. முதல் நாளே எழுத்தில் வர வேண்டும். உங்களுக்குக் கட்டுரை வெளிவர வேண்டும். நிறுவனத்துக்கோ, விண்ணப்பிக்கும் முன் விஷயம் வெளியே போனால் பல நாடுகளில் காப்புரிமையே போய்விடும். அதனால்தான் வெளியிடுமுன் நிறுவனம் படித்துப் பார்க்க ஒன்று முதல் மூன்று மாதம் வரை அவகாசம் தருவது வழக்கம். அவகாசம் முடிந்தபின் வெளியிடும் உரிமை உங்களுடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புரியாத வரியைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கூட்டாளியின் கவலையைத் தன் கவலையாக்கிய ஒருவரைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர் ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபோடு ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு டெக்சாஸிலும் பணிபுரிந்தார்; குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே. கோபால்ட்டின் விலையும், காங்கோ நாட்டுச் சுரங்கங்களையே பெரிதும் நம்பியிருக்கும் நிலையும் பேட்டரித் தொழிலின் தலைவலி. அந்தத் தலைவலியைத் தன் வேதியியல் கேள்வியாக்கி, கோபால்ட் இல்லாத நேர்முனைப் பொருளைச் செய்து, அதை ஆலைக்குக் கொண்டுபோக ஒரு நிறுவனத்தையும் சேர்ந்து தொடங்கினார். நான் சொல்லும் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே நிறுவனத்தார் அடுத்த முறை வரும்போது, உங்கள் வரைபடங்களைக் காட்டுமுன் 'உங்கள் ஆலையில் எந்தச் சரக்கு அடிக்கடி கழிவாகிறது?' என்று கேளுங்கள். முடிந்தால் சில நாள் அங்கேயே போய், உலையை இயக்குபவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் பட்ட பாடு தெரிந்தவர் செய்யும் ஆய்வு ஊருக்குப் பயன்படும், கூட்டும் நீடிக்கும்.