ரசீதில் வந்த பெயர்

என் மனைவி உளவியல் ஆலோசகர். பகலில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பள்ளியில் வேலை. மாலை ஆறரைக்கு மேல் ஆதம்பாக்கத்தில், ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் உள்ளறையில் சொந்தமாக ஆட்களைப் பார்க்கிறாள். 2022 ஜூனில் ஆரம்பித்தது. இதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கணக்கு எழுதுவது, வாடகை கட்டுவது, ஃபேன் வாங்கிக் கொடுப்பது. அந்தப் பங்கை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஃபேன். அந்த அறைக்கும் வரவேற்புக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தடுப்பு. உள்ளே ஒருவர் மூக்கை உறிஞ்சினால்கூட வெளியே முழங்கால் வலிக்குக் காத்திருப்பவருக்குக் கேட்கும். பழைய பெடஸ்டல் ஃபேன் ஒன்றை வாங்கிக் கதவுக்கு வெளியே வைத்தோம். காற்றுக்கு இல்லை, சத்தத்துக்கு. புதிய ஃபேன் சத்தம் போடாது என்பதால் தேடிப் பிடித்துப் பழையது. அறைச் சுவரில் முதுகெலும்பின் படம் இருந்தது. அதைக் கழற்றவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பேச முடியாதவர்களுக்குப் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமாம்.

இரண்டாவது, போர்டு. கிளினிக்காரர் நல்ல மனிதர், ஆர்வக்கோளாறில் அவரே அவள் பெயருக்குக் கீழே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று அடித்து மாட்டிவிட்டார். அன்று ராத்திரியே நாங்கள் பிளேடை வைத்து அந்த வரியைச் சுரண்டினோம். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அதற்கென்று அங்கீகரித்த படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அவள் படித்தது எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி. ஆலோசகர்களையும் உள்ளடக்கி 2021இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் வார இறுதியில் சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் முடித்தவர்களும் திங்கட்கிழமை போர்டு மாட்டுவது நின்றபாடில்லை. "யார் வேணா போர்டு மாட்டலாம்ங்கற ஊர்ல நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றாள், நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டே.

பணக் கணக்கு என்னுடையது. பள்ளிச் சம்பளம் 34,000. ஒரு அமர்வுக்கு 900 ரூபாய், அறை வாடகை 150 போக 750. மாதம் இருமுறை ஒரு மூத்த ஆலோசகரிடம் தன் வேலையைக் காட்டித் திருத்திக்கொள்வாள், அந்த சூப்பர்விஷனுக்கு 3,000. ஆக மாதம் 50 அமர்வுகள், வாரத்துக்குச் சுமார் 12 வந்துவிட்டால் பள்ளியை விட்டுவிடலாம். எக்ஸெல் ஷீட்டில் அந்த 12க்குப் பச்சை வண்ணம் அடித்து வைத்தேன். ஆறு மாதத்தில் தொட்டுவிடும் என்று ஒரு கோடும் வரைந்தேன்.

கோடு அப்படிப் போகவில்லை. தீபாவளி வாரம் யாரும் வரமாட்டார்கள். மழை வந்தால் வரமாட்டார்கள். ஆறரைக்கு வருவதாகச் சொன்னவர் ஆறு இருபதுக்கு 'சாரி மேம்' என்று அனுப்புவார், அறைக்கு வாடகை உண்டு. எல்லாவற்றையும்விட, குணமாகிறவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். என் தொழிலில் வாடிக்கையாளர் விட்டுப் போவதைத் தடுக்கவே ஒரு தனி டீம் இருக்கிறது. "நாலு பேர் நின்னுட்டாங்களே" என்று நான் பதறியபோது அவள் சிரித்தாள். "அதுல மூணு பேர் நல்லாயிட்டாங்கப்பா. அதுக்குத்தானே வந்தாங்க."

எளிதாக வளர ஒரு வழி பள்ளிவாசலிலேயே இருந்தது. அம்மாக்கள் கேட்டார்கள், மிஸ் நீங்க வெளியில பாக்குறீங்களாமே, நானும் வரட்டுமா என்று. ஒரு அப்பா இரண்டு மடங்கு தருவதாகவே சொன்னார். பள்ளி கொடுத்த அனுமதிக் கடிதத்தில் மாணவர்களையோ அவர்கள் குடும்பத்தையோ தனியாகப் பார்க்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு, ஆனால் அது இல்லாமலும் அவள் மறுத்திருப்பாள். பகலில் மகனின் அழுகையைக் கேட்டவள் ராத்திரி அப்பாவின் நியாயத்தைக் காசு வாங்கிக்கொண்டு கேட்டால், அடுத்த நாள் அந்தப் பையன் முகத்தை எப்படிப் பார்ப்பது? கூகுளில் ரிவ்யூ போடச் சொல்லலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அவங்க இங்க வந்ததே வீட்ல தெரியாதுப்பா."

இரண்டு வேலையில் உண்மையான சிக்கல் நேரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. காலை எட்டிலிருந்து நாலு வரை அவள் போன் பள்ளி லாக்கரில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒருவருக்குத் தாங்க முடியாமல் போனால்? முதல் சந்திப்பில் கையெழுத்து வாங்கும் தாளிலேயே இதை எழுதிவைத்தாள்: இந்த நேரத்தில் நான் கிடைக்கமாட்டேன், அவசரத்துக்கு 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் அது. அதற்கு முன்பு 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகாவின் எண்ணை எழுதியிருந்தாள், இப்போது இரண்டும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களை எடுத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவாள். ஆனாலும் நாலு மணிக்கு லாக்கரைத் திறந்து, போன் உயிர் வருவதற்குள் ஓடும் அந்தப் பத்து நொடிதான் நாளிலேயே பெரியது என்று சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே "ஒரு பத்து நிமிஷம் குடு" என்பாள். குளித்துவிட்டு வந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். அந்த வருடம் எங்கள் ஆபீஸில் ஆட்குறைப்பு பற்றிய பேச்சு தினமும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் நாளெல்லாம் கேட்ட காதிடம் எதைச் சொல்வது? நானும் 900 ரூபாய் கட்டி ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். ஜோக்காகத்தான் ஆரம்பித்தேன், கடைசியில் அப்படி விழவில்லை. விழுப்புரத்திலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம் "பேசறதுக்கா காசு குடுக்குறாங்க?" என்று கேட்பார். ஆமாம்மா என்பேன்.

இப்போது அந்த விஷயம். ஆரம்பத்தில் எல்லோரும் ரொக்கம்தான் தந்தார்கள். பிறகு ஜிபே இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளிடம் இருந்தது சம்பளக் கணக்கு ஒன்றுதான். இந்தப் பணத்தை அதில் கலக்கவேண்டாம் என்று நினைத்தாள். நடப்புக் கணக்கு தொடங்க அறையின் முகவரிச் சான்று கேட்டார்கள், கிளினிக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார். "அதுவரைக்கும் என் கணக்குல வரட்டும், மாசக் கடைசில மாத்திவிடறேன்" என்று நான்தான் சொன்னேன். என் க்யூஆர் கோடைப் பிரின்ட் எடுத்து, அக்ரிலிக் ஸ்டாண்டில் செருகி அவள் மேஜையில் வைத்தேன். எங்கள் தொழிலில் 'தற்காலிகம்' என்று குறிப்பு எழுதிவைத்த கோடுதான் பத்து வருடம் ஓடும். இது ஏழு மாதம் ஓடியது.

யு.பி.ஐ.யில் பணம் வந்தால் அனுப்பியவர் பெயரும் வரும். இது எனக்குத் தெரியாதா? நான் வேலை செய்வதே மற்றவர்களின் தகவலைப் பூட்டிவைக்கும் மென்பொருளில். யார் எதைப் பார்க்கலாம் என்று நாள் முழுக்க விதி எழுதுகிறவன். ஆனால் இரவு ஏழு இருபதுக்கும் எட்டு இருபதுக்கும் என் போனில் ஒரு பெயரும் 900ம் வந்து விழும்போது, தெரியாத பெயர்தானே என்று தள்ளிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது. சில பெயர்கள் எனக்குப் பழகிவிட்டன. ஒரு பெயர் மூன்று வாரம் வரவில்லை என்றால், என்ன ஆயிற்றோ என்று யோசித்திருக்கிறேன்.

2023 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெரிந்த பெயர் வந்தது. என் டீமில் இருக்கிறவர்.

அடுத்த வாரம் ஒரு பெரிய ரிலீஸ் இருந்தது, விடிய விடிய உட்கார வேண்டிய வேலை. அதை நடத்தப் போவது அவர்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. புதன்கிழமை காலை மீட்டிங்கில், அதை வேறொருவருக்கு மாற்றினேன். "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்றார். அப்ரைசலுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆட்குறைப்புப் பேச்சு ஓடும் ஆபீஸில், கையிலிருந்த பெரிய வேலையைப் பிடுங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன். உன்னிடம் நேற்று வந்தவர் என் டீம், ரிலீஸை மாற்றிவிட்டேன் என்று. பாராட்டுவாள் என்றுகூட எங்கோ ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டைக் கொண்டுபோய் சிங்க்கில் போட்டாள். பிறகு "இத்தனை மாசம் பேர் வந்துட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பணம் வருகிறது என்று மட்டும்தான் அவள் நினைத்திருக்கிறாள். எங்களுக்குள் சத்தமாகச் சண்டை வரும், அது பழக்கம்தான். அன்று சத்தமே வரவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு வேறொரு வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கினாள். அரை மணி நேர வேலை. நடப்புக் கணக்குதான் வேண்டும் என்று நாங்கள் ஏன் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சைக்கு வருகிறவரின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. அவள் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கோடில் பணம் கட்டிய பதினொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உங்கள் பெயர் என் கணவர் போனில் தெரிந்திருக்கிறது, தவறு என்னுடையது என்று சொன்னாள். இரண்டு பேர் அதோடு வரவில்லை. யார் என்று எனக்குத் தெரியாது. ஷீட்டில் எண்ணிக்கை குறைந்ததுதான் தெரியும்.

அவர் என்னிடம் வந்தது பத்து நாள் கழித்து, கேன்டீனில். டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொன்னாங்க. ரிலீஸை அதனாலதான் மாத்துனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நான் வேலைக்கு லாயக்கில்லன்னு நெனச்சுட்டீங்களோன்னு ஒரு வாரம் தூங்கல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்."

என்ன சொல்லிக் கேட்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அப்ரைசலில் அவருக்கு அந்த வருடம் கிடைக்கவேண்டியது கிடைத்தது, அதற்காக என் மேலாளரிடம் இரண்டு முறை போய் நின்றேன். அதுவும் உதவியா, இன்னொரு தலையீடா என்று தெரியவில்லை. அவரை என் மனைவி வேறொரு ஆலோசகரிடம் அனுப்பிவைத்தாள் என்பது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் அவருக்கும் அவளுக்கும் அனுப்பினேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

பள்ளியை அவள் இன்னும் விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறாள், சம்பளமும் அப்படியே குறைந்தது. அமர்வுகள் வாரத்துக்கு ஒன்பது. பத்துக்கு மேல் போகமாட்டாளாம், போனால் பத்தாவது ஆளுக்கு என் காது இருக்காது என்கிறாள். பச்சை வண்ணம் அடித்த கட்டம் அப்படியே கிடக்கிறது. கணக்கு இப்போது அவளே நோட்டில் எழுதுகிறாள், வாடகைக்கு மட்டும் மாதம் ஒருமுறை என்னிடம் ஒரு எண்ணைச் சொல்வாள்.

போன வாரம் ஃபேன் நின்றுவிட்டது. மோட்டார் போயிருந்தது. வெள்ளிக்கிழமை பழைய ஃபேன் தேடிப் பல்லாவரம் சந்தைப் பக்கம் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காட்டினார், சத்தமே வராதுங்க என்று பெருமையாக. சத்தம் வரும் ஃபேன்தான் வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.