சக்கரத்தின் சுருதி

என் மனைவிக்குச் சங்கீதப் பயிற்சி உண்டு. எனக்கு வெறும் காது மட்டுமே உண்டு. இந்த வித்தியாசத்தினால் எனக்கு இரண்டு புது டயர்களின் விலை நஷ்டமாயிற்று.

எங்கள் காரில் சில மாதங்களாக 'ஊம்' என்று ஒரு ரீங்காரம். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிறக்கும். 70-ல் பேச்சையே விழுங்கிவிடும். ஒர்க்ஷாப்பில் காட்டினேன். "டயர் தேய்ந்துவிட்டது, ஸார்" என்றார்கள். புது டயர் போட்டேன். ரீங்காரம் அதிலும் வந்து குடியேறிற்று. சாலையின் கோளாறு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

2024-ம் வருஷம் ஆவணியில் என் தங்கையின் பெண்ணுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். தாய்மாமனாகிய நான் முதல் நாள் மாலை ஜானவாஸத்துக்கே அங்கே இருந்தாக வேண்டும். மதுரையிலிருந்து தாயாருடன் புறப்பட்டோம். சாத்தூர் தாண்டியதும் மனைவி சொன்னாள்: "இது டயர் அன்று. பழைய தாரிலும் புதுத் தாரிலும் டயரின் ஓசை மாறுகிறது; இது மாறவில்லை. வேகம் ஏறினால்தான் சுருதி ஏறுகிறது."

கியரை நியூட்ரலில் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் அடங்கிற்று, ரீங்காரம் அடங்கவில்லை. சாலை காலியாயிருந்த இடத்தில் வண்டியை மெல்ல இடப்பக்கம் ஒடித்தேன், உறுமிற்று. வலப்பக்கம் ஒடித்தேன், தணிந்தது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்புறச் சக்கரங்களின்மேல் சாயும். இதைப் பௌதிக வகுப்பில் பல வருஷங்களாகச் சொல்லிக்கொடுப்பவன் நான்! ஆக, வலப்புறத்துப் பேரிங்.

"சக்கரம் கழன்றுவிடுமாடா?" என்றாள் அம்மா. பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கோவில்பட்டியில் ஒரு சிறிய பட்டறை. அங்கிருந்த இளைஞர் வலப்புற முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார், ஆடிற்று. பிறகு என் கையை ஸ்பிரிங்கின்மேல் வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றினார். திரிகையில் மணலைப் போட்டு அரைப்பதுபோல் விரல்களில் நறநறத்தது. இடப்புறச் சக்கரமோ சப்தமின்றி வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"வெள்ளத்தில் ஓட்டினீங்களா, ஸார்?"

2023 டிசம்பரில் திருநெல்வேலியை வெள்ளம் சூழ்ந்தபோது வண்டி அச்சளவு நீரில் நின்றது நினைவுக்கு வந்தது. சீலைத் தாண்டி உட்புகுந்த நீர் கிரீஸைக் கெடுத்துவிட, குண்டுகள் துருவேறிப் பொரிந்துவிட்டனவாம்.

புதுப் பேரிங் வாங்கிவந்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பொருத்த மூன்று மணி நேரம் ஆகும் என்றார். எனக்கோ ஜானவாஸக் கவலை. "இன்னும் 55 கிலோமீட்டர்தானே? மெதுவாக ஓட்டிப் போய்விடுகிறேனே" என்றேன்.

அவர் பின் ஆசனத்தைப் பார்த்தார். "பாட்டியம்மாவையும் அக்காவையும் பஸ்ஸில் ஏத்திவிட்டுட்டு, நீங்க மட்டும் ஓட்டிட்டுப் போங்க, ஸார்."

நான் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, கடலை மிட்டாய் வாங்கப் போனேன்.

ஜானவாஸம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தம் வரையில் தங்கை என்னுடன் பேசவில்லை. ஆனால் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரையில், காரில் அம்மாவின் குறட்டையைத் தவிர வேறு ஓசையே இல்லை.