உத்தியோகம்: காத்திருத்தலும் முயலுதலும்

"கோழி மேய்த்தாலுங் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மாத முடிவிற் சம்பளமும் முதுமையிற் பென்சனும் தவறாது வரும் என்னும் உறுதியே இப்பழமொழியை நம்மூரில் வேரூன்றச் செய்தது. அதனை நகைத்தற்கில்லை. கிணற்று நீரை நம்பிய சிறு தோட்டத்தின் வருவாயிற் பல பிள்ளைகளை வளர்த்த பெற்றோர்க்கு, ஆங்கிலங் கற்ற ஒரு மகன் கந்தோரில் இலிகிதனாதல் குடும்பம் முழுவதற்கும் அரணாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக மலாய் நாட்டின் புகையிரதப் பகுதியிலும் பிற கந்தோர்களிலும் வேலை பெற்றுச் சென்ற நம்மவர் அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகள் பல.

நிற்க. உத்தியோகம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் முயற்சி என்பதாகும். பாரதத்திற் போருக்கு முன்னர் இருதிறத்தாரும் மேற்கொண்ட முயற்சிகளைக் கூறும் பகுதி உத்தியோக பருவம் எனப் பெயர் பெற்றது இப்பொருள் பற்றியே. முயற்சியைக் குறித்த சொல் காலப்போக்கிற் பதவியைக் குறிப்பதாயிற்று. சொற்கள் பொருள் மாறுதல் மொழியின் இயல்பு, அதிற் குறையில்லை. ஆயின், முயற்சி நீங்கிப் பதவி மட்டும் எஞ்சி, அப்பதவியும் பிறர் தருமளவும் காத்திருக்க வேண்டிய பொருளாகிவிட்டமையே நம் இளைஞரை வருத்துகின்றது. 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னர்ப் பல நாள் அமர்ந்து போராடினர். கற்றோர்க்கு வேலை வேண்டுமென அவர்கள் கேட்டது நியாயமே. அக்கேள்விக்கு விடை வருமளவும் கழியும் ஆண்டுகளை என்செய்வது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

தமிழாசிரியராகிய நம்மிடம் மாணாக்கர் கற்கும்போது வருவதினும், கல்லூரியை விட்டபின் நற்சான்றுப் பத்திரம் வேண்டி வருவது மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய மாணவர் ஒருவர், கலைப் பட்டதாரி, மூன்றாம் முறையாக வந்தார். முதன்முறை எழுதியதன் பிரதி நம்மிடம் இருந்தது; இரண்டாம் முறை அதனோடு பட்டத்தைச் சேர்த்தோம்; மூன்றாம் முறை சேர்ப்பதற்கு ஒரு வரிதானும் இல்லை. இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. வெள்ளிதோறும் வெளிவரும் வர்த்தமானியைத் தவறாது பார்த்தார். விண்ணப்பங்களை உரிய காலத்தில் அனுப்பினார். அவர் சோம்பரல்லர்; ஆயினும் அந்நான்கு ஆண்டுகளுக்குச் சான்று ஒன்றுமில்லை. "தம்பி, அடுத்த முறை வரும்போது நாம் எழுதுதற்கு ஒரு வரி கொண்டு வாரும்" என்றோம். அவர் முகம் வாடியதைக் கண்டோம். எனினும் அடுத்த மாதமே ஓர் அச்சகத்திற் படி திருத்தும் வேலையிற் சேர்ந்தார். இன்றும் அங்கேயே இருக்கின்றார். இப்போது கணக்கும் அவர் பொறுப்பு. வர்த்தமானியையும் பார்த்தே வருகின்றார்.

வேலை தேடும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: காத்திருக்கும் ஒவ்வோராண்டும் நற்சான்றில் ஒரு வரியாதல் வேண்டும். அவ்வரி பெரிய கந்தோரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கூட்டுறவுக் கடையில் ஆறு மாதம் இருப்புக் கணக்கு எழுதியதும் ஒரு வரி. சிங்களம் பேசவும் எழுதவும் பழகியதும் ஒரு வரி. 2007ஆம் ஆண்டு முதல் அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டமையின், அரச பதவியையே நாடுவோர்க்கும் இது பயன்படும்.

கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கமும் நம்மிடையே ஒழிய வேண்டுவது. நம் நாட்டின் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களை உடையது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகர். பயிற்சி நிலையத்திற் கல்லாது பட்டறையிலே பல ஆண்டு பழகியவரும், தம் திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி அத்தகைமையைப் பெறலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், மோட்டார் வாகனம், உணவுத் தொழினுட்பம், கட்டிட நிர்மாணம் முதலிய துறைகளிற் பயிற்சி அளிப்பது. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதி கிட்டாதவர்க்கு வழி அடைந்தது என்று வீட்டார் புலம்புதல் அறியாமையாகும்.

இனி, விண்ணப்பம் எழுதும் முறை பற்றிச் சில கூறுவோம். "கடுமையாக உழைப்பேன், நம்பிக்கைக்குரியவன்" என்று எல்லாரும் எழுதுகின்றனர். ஆதலின் அச்சொற்கள் எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. என்ன செய்தோம், எங்கே, எத்துணைக் காலம் என்பவற்றை எழுதுவோரே படிப்பவர் நினைவில் நிற்பர். தம் குடும்பத்து வறுமையை விரித்தெழுதுதலும் வேண்டா; வேலை கொடுப்போர் தேடுவது தம் குறையைத் தீர்ப்பவரை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு ஆகிய மூன்றிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாதிருக்கின்றதா என்று இன்றே பார்த்துக்கொள்க. நேர்முகப் பரீட்சையில் அறியாததை அறியேன் எனச் சொல்லுதல் இழுக்கன்று. அறிந்தது போற் பேசி அகப்படுதலே இழுக்கு.

வேலையில் அமர்ந்தோரும் அறிந்திருக்க வேண்டியன உள. தனியார் நிறுவனத்திற் சேர்வோர் நியமனக் கடிதத்தை எழுத்திற் கேட்டுப் பெறல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும், வேலை கொடுப்போர் தம் பங்காக 12 வீதமும் செலுத்தல் வேண்டும். 50,000 ரூபா பெறுவோர் ஒருவர்க்கு மாதந்தோறும் 4,000 ரூபாவும் 6,000 ரூபாவுமாக 10,000 ரூபா சேரும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்போர் மேலும் 3 வீதம் செலுத்துவர். அஃது ஊழியர் சம்பளத்திற் கழிக்கப்படுவதன்று. பதினைந்து பேருக்குக் குறையாது வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைவுசெய்தோர், 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை பெறவும் உரியர். நம் மாணவர் ஒருவர் ஒரு கடையில் ஆறு ஆண்டு உழைத்தபின்னரே, தம் பெயரில் ஒரு சதமும் செலுத்தப்படவில்லை என அறிந்தார். தொழில் திணைக்களத்தில் முறையிட்டு, நெடுநாள் அலைந்து, ஒரு பகுதியைப் பெற்றார். பென்சன் இல்லையே என்று தனியார் வேலையை இகழ்வோர், சட்டம் தந்த இவ்வுரிமைகளைக் கேட்டறியாதிருத்தல் வியப்பே.

ஓரிடத்தை விட்டு வேறிடம் செல்ல நேரின், உரிய காலத்தில் எழுத்தில் அறிவித்து, கணக்கையும் சாவியையும் ஒப்புவித்து, சேவைச் சான்றிதழ் பெற்று நீங்குதல் நன்று. சினந்து வெளியேறியவர்க்கு அடுத்த விண்ணப்பத்தில் அவ்வாண்டுகள் வெற்றிடமாய் நிற்கும்.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். எம் கல்லூரியின் கட்டிடங்கட்கும் மைதானத்துக்கும் தாங்கள் ஈந்தவை பல. அவற்றை நாம் மறவோம். இவ்விழா ஆண்டில் நாம் வேண்டுவது பணமன்று. வங்கியிலும் வைத்தியசாலையிலும் பட்டறையிலும் கடலுக்கப்பாலும் பணியாற்றும் தாங்கள், ஊருக்கு வரும்போது ஒருநாட் பிற்பகல் உயர்தர வகுப்பு மாணாக்கர் முன் நின்று, தங்கள் வேலை நாளொன்று எவ்வாறு கழிகின்றது என்று கூறுதல் வேண்டும். தங்கள் நிறுவனத்தில் இடமொன்று வெறிதாயின், சிபாரிசு செய்ய வேண்டா. அதனை எமக்கு அறிவித்தாற் போதும். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணாக்கர் ஒருவரையேனும் சில வாரம் தங்கள் பக்கத்தில் இருந்து பழக விடுங்கள். அவர் நம்மிடம் நற்சான்று கேட்டு வரும்போது, எழுதுதற்கு ஒரு வரி இருக்கும்.