மேலே போனவர் திரும்பி வந்தார்

குளிர்காலத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் வீட்டுக்குள் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மாப்பிள் லீவ்ஸ் விளையாடுவதைப் பார்க்க எங்கள் சம்பளம் போதாது. ஆனால் அவர்களுடைய இரண்டாம் அணியான மார்லீஸ், ரொறன்ரோ எக்ஸிபிஷன் வளாகத்திலுள்ள அரங்கில் விளையாடுகிறது. ரிக்கற் விலை எவ்வளவோ குறைவு. யூனியன் நிலையத்தில் 509 ஸ்ரீற்கார் எடுத்தால் வாசலடியில் இறங்கலாம். உள்ளேயும் குளிர்தான், ஜக்கெற்றைக் கழற்றாதீர்கள்.

2017-18 பருவத்தில் மகனுக்காகத்தான் போகத் தொடங்கினேன். இருபது நிமிடமாக மூன்று பகுதி. அந்தக் கறுப்பு இறப்பர் வில்லை எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் சென்றது. ஆனால் வேறொன்று சீக்கிரமே விளங்கியது. இந்த அமெரிக்க ஹொக்கி லீக்கில் விளையாடுகிற பையன்களில் அநேகர் மேலேயிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள். லீவ்ஸ் அணியில் ஒருவர் காயப்பட்டால் இங்கிருந்து ஒருவர் போவார். தேவை முடிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே ஒரு சம்பளம், கீழே வேறொரு சம்பளம்.

2018 மார்ச்சில் சுவீடன்காரரான அந்திரேயாஸ் யோன்சன் மேலே போனார். மகன் துள்ளிக் குதித்தான். எனக்கு அது நல்ல மாதமல்ல. தொழிற்சாலையில் என்னை லைன் லீடராக்கி ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. என் ஆங்கிலம் காணாது என்று மறுபடி பெட்டி அடுக்க விட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் லீவ்ஸ் பொஸ்ரனிடம் தோற்று வெளியேறியது. யோன்சன் மார்லீசுக்குத் திரும்பினார்.

"இறக்கிப் போட்டாங்களோ? பாவம், வெட்கமாயிருக்கும்" என்றேன்.

"ஏன் அப்பா வெட்கம்? இனித்தானே கிண்ணத்துக்கு விளையாடுறாங்கள்!"

76 ஆட்டங்களில் 54 வென்று லீக்கில் முதலிடத்தில் நின்ற அணி அது. இறுதிச் சுற்றில் ரெக்சாஸ் ஸ்ரார்ஸ் அவர்களை ஏழாவது ஆட்டம்வரை இழுத்தது. ஜூன் 14, வியாழக்கிழமை. இரவு வேலையை விட்டுவிட்டுப் போனேன், ஒருநாள் சம்பளம் போனதுதான். 6-1 என்று வென்று கால்டர் கிண்ணத்தைத் தூக்கினார்கள். அந்தக் கிண்ணச் சுற்றின் சிறந்த வீரர் யோன்சன்! சனம் எழும்பி நின்று கத்தியது. நானும் கத்தினேன், என்ன கத்தினேனென்று தெரியாது.

திரும்பி வரும்போது ரெயினில் மகனிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் அப்பா" என்றான். "மார்ச்சிலேயே நீங்கள் திரும்பவும் அந்த இரும்புச் சப்பாத்தைப் போடத் தொடங்கிட்டீங்கள். அம்மாதான் கேட்க வேண்டாமென்று சொன்னவ."