பழி ஓரிடம், பிழை ஓரிடம்

ஒரு பொருள் பழுதுபட்டால் அதன் காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. காரணம் கிடைக்குமுன்பே யாரேனும் ஒருவர்மீது பழியைச் சுமத்திவிட்டு மனநிறைவு கொள்வதும் அதே மனித இயல்புதான். முன்னதற்கு உழைப்பு வேண்டும். பின்னதற்கு நாவு ஒன்றே போதும். இதற்கு ஏடுகளிலிருந்து எத்தனையோ சான்றுகள் காட்டலாம். ஆயினும் அன்பர்களுக்கு நான் இங்கே எடுத்துரைக்க விரும்புவது, இக்காலத்து இளைஞர்கள் கணினியில் ஆடும் விளையாட்டொன்றில் நேர்ந்த முறிவைப் பற்றியதாகும். அரபி இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. விடையைப் போகப்போகக் காண்பீர்கள்.

என் சகோதரியின் மகன் நெய்வேலி நகரியத்தில் என் இல்லத்தில் தங்கிக் கல்லூரியில் பயில்கிறான். சென்ற ஆண்டு தன் சேமிப்பைக் கொண்டு, மந்தாரக்குப்பத்தில் புதிதாகச் சிறு கடை திறந்திருந்த ஓர் இளைஞரிடம் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தான். திரையில் தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டு வரைந்து தரும் உறுப்பு அது. தனக்கெனத் தனி நினைவகமும் உடையது. அதைப் பொருத்திய சில நாட்களிலேயே தொல்லை தொடங்கிற்று. ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில் திரை கறுத்துவிடும். ஆட்டம் தானாகவே மூடிக்கொள்ளும். ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்னும் அறிவிப்பு மட்டும் எஞ்சி நிற்கும்.

மருமகனுக்கு ஐயமே எழவில்லை. “கெட்டுப்போன கார்டை என் தலையில் கட்டிவிட்டார், மாமா” என்றான். நகரியத்து இளைஞர்கள் பலர் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அக்கடைக்காரரின் பெயரைக் குறிப்பிட்டு, ‘ஏமாற்றுக்காரர்’ என்று எழுதி, அனுப்பும் தறுவாயில் இருந்தான். அவன் விரல் அசைந்தால் ஓர் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பு அன்று மாலைக்குள் அசைந்துவிடும்.

“மூன்று நாள் பொறு” என்றேன்.

“அறிவிப்பே கார்டின் குறையைத்தானே சொல்கிறது? இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?”

“சாட்சி சொல்லிவிட்டது, சரி. அது எதைக் கண்டு சொல்கிறது என்று கேட்டாயா?”

மதரஸாவில் ‘ஸர்ஃபு’ என்னும் சொல்லியல் கற்கும் சிறுவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. ‘கால’ என்றால் ‘சொன்னான்’ என்பது பொருள். அச்சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரிவது அலிஃப். ஆனால் அகராதியில் அலிஃபைப் பிடித்துக்கொண்டு தேடினால் அச்சொல் அகப்படாது. அதன் வேரில் இருப்பது வாவ். ‘யகூலு’ என்று நிகழ்காலத்துக்கு மாற்றிப் பார்க்கும்போதுதான் மறைந்திருந்த வாவ் தலைகாட்டும். இத்தகைய எழுத்துகளை நோயுடைய எழுத்துகள் என்னும் பொருள்பட ‘ஹுரூஃபுல் இல்லத்’ என்றே அரபி இலக்கணிகள் அழைத்தனர். நோய் இருக்குமிடம் ஒன்று. அது புறத்தே காட்டும் வடிவம் வேறொன்று. சொல்லை வெவ்வேறு நிலைகளில் மாற்றிப் பார்த்தாலன்றி மூலம் வெளிப்படாது.

உஸூலுல் ஃபிக்ஹ் என்னும் சட்ட மூலவியலிலும் காரணம் காண்பதற்கு ஒரு முறை உண்டு. ‘ஸப்ரு வ தக்ஸீம்’ என்பது அதன் பெயர். இருக்கக்கூடிய காரணங்களையெல்லாம் வகுத்து நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து, பொருந்தாதவற்றை நீக்கிக்கொண்டே வந்தால் எஞ்சுவது காரணமாகும். இங்கே வரும் ஸப்ரு, ‘ஸீன்’ எழுத்தால் ஆனது. புண்ணின் ஆழத்தைத் துழாவி அறிதல் என்பது அதன் பொருள். ‘ஸாத்’ எழுத்தால் எழுதப்படும் ஸப்ருக்கோ பொறுமை என்று பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பழுது பார்ப்போனுக்கு இரண்டுமே வேண்டியிருப்பதால், அந்த மயக்கத்தையும் நான் நன்மையாகவே கொள்கிறேன்.

கணினியின் உள்ளுறுப்புகளை மருமகன் அறிவான். காரணம் தேடும் ஒழுங்கை நான் அறிவேன். இருவரும் அமர்ந்தோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுவது என்று வரையறுத்துக்கொண்டோம். முதலில், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை முற்றிலும் நீக்கிப் புதிதாக நிறுவினான். முறிவு நிற்கவில்லை. அடுத்து, பெட்டியைத் திறந்து விசிறிகளில் படிந்த தூசியைத் துடைத்து, வெப்பத்தை அளந்தான். கார்டு 70 பாகையைத் தாண்டாத நிலையிலும் ஆட்டம் முறிந்தது. மின்சாரம் வழங்கும் கம்பியை மாற்றிப் பொருத்தியும் பயனில்லை. பின்னர் காட்சித் தரத்தை மிகத் தாழ்ந்த படிக்கு இறக்கினான். காட்சி நினைவகத்தில் பாதிகூட நிரம்பவில்லை. அப்போதும் அதே அறிவிப்புத்தான் வந்தது! இடம் காலியாகக் கிடக்கும்போதே இடமில்லை என்று கூறும் சாட்சியை எவ்வாறு ஏற்பது? அன்று மாலை கார்டைக் கழற்றி அண்டை வீட்டு நண்பனின் கணினியில் பொருத்தினான். அங்கே நள்ளிரவு வரையில் ஆட்டம் தடையின்றி ஓடியது.

குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. கார்டைப் பொருத்திய அதே ஞாயிறன்று, முன்பிருந்த ரேமுடன் வேறு வகை ரேம் ஒன்றையும் சேர்த்து, பயாஸுக்குள் புகுந்து அவற்றின் வேகத்தையும் அவனே உயர்த்தி வைத்திருந்தான். இரண்டு மாற்றங்கள் ஒரே நாளில் நிகழ்ந்துவிட்டதால் பழி ஒன்றின்மீது மட்டும் விழுந்துவிட்டது. அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓடவிட்டு உறங்கினான். ஸுப்ஹுத் தொழுகைக்கு நான் எழுந்தபோது திரையெங்கும் பிழைகளின் வரிசை. வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கிச் சோதித்தான், பிழை ஒன்றுமில்லை. அதன்பின் ஆட்டமும் முறியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருந்த வரிகளை, நான் கூறாமலே அழித்துவிட்டான். மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர் இன்றளவும் எதையும் அறியார்.

அறிவிப்பு பொய்யுரைத்ததா? அன்று. தான் கண்டதை மட்டும் அது கூறியது. கார்டுக்குச் செல்லும் தரவுகள் ரேம் வழியாகவே செல்கின்றன. அங்கே ஓர் எண் சிதைந்தால் கார்டுக்குப் பொருந்தாத கட்டளை போய்ச் சேரும். அது திகைத்து நிற்கும். கார்டு பதில் கூறாமல் நின்றுவிட்டால் ஏறத்தாழ 2 நொடி பொறுத்திருந்து அதனை மீட்டுத் தொடங்கும் காவல் ஏற்பாடு ஒன்று, 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு உண்டு. கார்டு நின்றது என்பதை அக்காவலன் அறிவான். எதனால் நின்றது என்பதை அறியான். காவலனின் கூக்குரலை நீதிபதியின் தீர்ப்பாகக் கொள்வது நம் பிழையே.

நெய்வேலியில் வாழ்வோருக்கு இது புதிய பாடமன்று. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது நீருடன் வெளிவந்த கரும்பொருளே இவ்வூரின் வரலாற்றுக்குத் தொடக்கம். 1961இல் பழுப்பு நிலக்கரி எட்டப்படும்வரை பொறியாளர்களை அச்சுறுத்தியது கண்முன் நின்ற மேல்மண் மட்டுமன்று. கரிப்படுகைக்கும் கீழே, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்தும் நிலத்தடி நீர் இருந்தது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை வெடித்தெழும். வெடிப்பது தரை, உந்துவது கண்ணுக்குத் தெரியாத நீர். தரையைப் பழித்துப் பயனில்லை என்பதை உணர்ந்தமையாலேயே அவர்களால் சுரங்கம் அமைக்க முடிந்தது.

உலக அளவிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. இன்டெல் நிறுவனம் 2022லும் 2023லும் வெளியிட்ட 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராஸசர்களை வைத்திருந்த பலருக்கு ஆட்டங்கள் முறிந்தன. அவர்களும் கண்டது ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்னும் அறிவிப்பையே! கிராஃபிக்ஸ் கார்டை ஐயுற்றோர் பலர். ஆனால், ஆட்டத்தின் தரவுகள் சுருக்கப்பட்டு வருகின்றன. அவற்றை விரிக்கும் வேலை புராஸசருடையது. அது கணக்கில் தவறியதால் அடுத்த கட்டத்தில் முறிவு தோன்றிற்று. 2024 ஏப்ரலில் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, இவ்வறிவிப்பைக் காண்போர் இன்டெலை அணுகலாம் என்று தெரிவித்தது. புராஸசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோருகிறது என்று 2024 ஜூலையில் இன்டெலே அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. முன்னரே சேதமுற்ற புராஸசர்களை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை. அவற்றை மாற்றவே நேர்ந்தது. காரணம் கண்டறியப் பிடிக்கும் காலமெல்லாம் நோய் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதற்கும் இதுவே சான்று.

கார்டுக்கு மானம் இல்லை. எத்தனை முறை பழித்தாலும் அது வருந்தாது. மனிதனுக்கோ மானம் உண்டு. ஒரு வீட்டில் பொருள் காணாமற்போனால் வேலைக்காரப் பெண்ணையும், ஒரு வகுப்பில் கூச்சல் எழுந்தால் கடைசி வரிசை மாணவனையும் நாம் எத்தனை விரைவாகச் சுட்டிவிடுகிறோம்! கணினியில் ஒரு பொழுதுபோக்கு ஆட்டத்துக்காக மூன்று நாள் பொறுக்கவும், ஒவ்வொன்றாகச் சோதிக்கவும், எழுதி வைத்துப் புரட்டிப் பார்க்கவும் ஓர் இளைஞனால் இயலுமாயின், அடுத்தவரின் பெயரைக் கெடுக்குமுன் அதே உழைப்பை மேற்கொள்ள நம்மால் ஏன் இயலாது?