முதல் இரண்டு வாளி

கொடைக்கானல் மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் வாழும் எங்களுக்கு வெந்நீர் ஆடம்பரப் பொருளன்று. மார்கழிக் காலையில் குழாயைத் திறந்தால் விரல்கள் விறைத்துப்போகும். ஆயினும் எங்கள் இல்லத்திற்குக் கீசர் வந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவர் என் தாயார்.

வைகறை நாலரை மணிக்கே எழுந்து, பின்கட்டில் விறகடுப்பை மூட்டிப் பெரிய தவலையில் நீர் காய்ச்சுவார். தந்தையார்க்கும் பிள்ளைகள் நால்வர்க்கும் ஆளுக்கொரு வாளி விளாவி வைப்பார். தாம் எந்த நீரில் குளித்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

அவருடைய 76ஆம் வயதில் மூட்டுவாதம் முற்றியது. காலையில் இதமான வெந்நீரில் குளித்தால் மூட்டுகளின் இறுக்கம் தளரும் என்றார் மருத்துவர். அதே வாரத்தில் தவலையை இறக்கும்போது கை நழுவிற்று. கொதிநீர் அவர் காலில் சிந்திற்று. புண் ஆறப் பல நாட்கள் ஆயின. இனிப் பொறுப்பதில்லை என்று கீசர் வாங்கப் புறப்பட்டோம். "எனக்கு எதற்கப்பா அவ்வளவு செலவு? அடுப்புத்தான் இருக்கிறதே" என்றார் தாயார்.

கடைச் சுவரில், நீர் குமிழியிட்டுச் சுழலும் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் படம் இருந்தது. என் மகன் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. வீட்டிற்கு வந்து கணக்கிட்டுக் காட்டினேன். 1,000 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 27 யூனிட் மின்சாரம் வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே ஆசையைக் கைவிட்டான்.

அதன்பின் எங்களுக்கு ஏற்றது எது என்று ஆராய்ந்தோம். சூரிய வெப்பக் கருவி சிக்கனமானதே. ஆனால் மூடுபனியும் மழையும் மிகுந்த எங்கள் மலைச்சரிவில் வெயிலை நம்புவதற்கில்லை. எரிவாயுக் கீசர் விரைவில் சூடாக்கும்; ஆயினும் காற்றோட்டம் குன்றினால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியக்கூடும். நிறமும் மணமும் இல்லாத அந்த நஞ்சு உயிரைக் குடித்துவிடும். குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை அடைத்துக் குளிக்கும் எங்களுக்கு அது ஆகாது. 3 கிலோவாட் உடனடிக் கீசரோ, எங்கள் ஊர்க் குளிர்ந்த நீரைக் குளிக்கும் பதத்திற்குச் சூடாக்கினால் நிமிடத்திற்கு 2 லிட்டர்கூடத் தராது.

முடிவில் 25 லிட்டர் கொள்ளும் மின்சாரக் கீசரையே தேர்ந்தோம். 2 கிலோவாட் திறனுள்ள அது, 15 டிகிரி நீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 நிமிடம் எடுத்துக்கொள்ளும், 1.2 யூனிட் செலவாகும். அந்நீரைத் தண்ணீருடன் விளாவினால் குளிப்பதற்கு 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி கிடைக்கும். வெப்பக் கட்டுப்பாடும், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வும் உண்டா என்று பார்த்து வாங்கினோம். தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு, எர்த் இணைப்பும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தினோம். எல்லாம் முறையாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு.

மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் என் இளைய மகள் என்னிடம் வந்து, "அப்பா, பாட்டி ஏன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள்?" என்று கேட்டாள். திடுக்கிட்டேன்.

நடந்தது இதுதான். காலையில் முதலில் குளிப்பவன் நான், அலுவலகத்திற்கு நேரமாகிவிடும். அடுத்து மகன், பின்னர் மகள். மூவரும் குளித்து முடிப்பதற்குள் தொட்டியின் சூடு போய்விடும். மீண்டும் காயும்வரை சுவிட்சைப் போட்டுக் காத்திருந்தால் மின்கட்டணம் ஏறுமே என்று, தாயார் வாய் திறவாமல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் நாற்பது ஆண்டு நடந்ததே புதிய குளியலறையிலும் நடந்தது. யாருக்காகக் கீசரை வாங்கினோமோ, அவருக்கு அதனால் பயனில்லை.

அன்று மாலையே குடும்பமாக அமர்ந்து பேசினோம். முதல் இரண்டு வாளியும் பாட்டிக்கே. மற்றவர்கள் மறுபடி காயும்வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. அவர் அமர்ந்து குளிக்க வழுக்காத மணை ஒன்றும், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி ஒன்றும் அமைத்தோம். கீசருக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகச் சிறிது. ஆனால் அவற்றை நினைக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்தச் சுழல்நீர்த் தொட்டியின் வரலாற்றைப் பின்னர் அறிந்தேன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூசி குடும்பத்தார் பம்பு செய்து விற்றவர்கள். அவர்களுள் ஒருவரான காண்டிடோ ஜக்கூசியின் மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம். மருத்துவமனையில் அவனுக்கு அளித்த நீர்ச் சிகிச்சையை இல்லத்திலேயே அளிக்க, குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பு ஒன்றைத் தந்தை உருவாக்கினார். 1968இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூசி பம்பையும் தொட்டியையும் ஒன்றாக இணைத்தார். இன்று செல்வர் இல்லங்களின் அலங்காரமாக விளங்கும் தொட்டி, ஒரு பிள்ளையின் மூட்டு நோவில் பிறந்தது.

இப்போது காலையில் கீசரின் சிவப்பு விளக்கு அணைந்ததும், "அம்மா, தண்ணீர் காய்ந்துவிட்டது" என்று நான் குரல் கொடுக்கிறேன். "நீ முதலில் போயேன், உனக்கு நேரமாகிறது" என்று அவர் இன்றும் சொல்லாமலிருப்பதில்லை. நானும் நகர்வதில்லை, வாளியை விளாவிக் கொடுத்துவிட்டு வெளியே காத்து நிற்கிறேன்.